குவாசர்களும் கடகங்களும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் இம்மண்டபத்தில் நடந்த விவாதத்தில், கணனி தானாகவே உண்மையைக் கண்டுபிடித்துவிடும், மனிதன் இனி இருந்து பார்த்தாற் போதும் என்று ஒரு கட்சியார் வாதித்தனர். அன்று வெற்றியும் அவர்களுக்கே கிடைத்தது. அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று வானியலைச் சேர்ந்தது. தொலைதூரத்திலுள்ள குவாசர்களின் ஒளியைக் கணனி தானே இனம்பிரிக்கின்றது. எவரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்றனர். பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயிலும் எம்மைப் பார்த்து, அது மெய்தானா என்று செயலாளர் வினவினார். பாதி மெய் என்றோம். மற்றப் பாதியை இன்று சொல்லும்படி எம்மைப் பணித்திருக்கின்றார்.

குவாசர் என்பது யாது என்பதை முதலிற் கூறுவோம். 1950களில் வானொலித் தொலைகாட்டிகள் வானத்திலே நூற்றுக்கணக்கான வானொலி ஊற்றுகளைக் கண்டன. கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தார் அவற்றுக்குச் செய்த மூன்றாவது பட்டியலில் 273 ஆவது உறுப்பு, 3சி 273 எனப்படும். 1962 இல் சந்திரன் அதன் முன்னாகச் சென்று அதனை மறைத்தது. அவுஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்னுமிடத்துத் தொலைகாட்டியைக் கொண்டு சிறில் கசாட் என்பாரும் அவர் கூட்டாளிகளும், அது மறைந்த கணத்தையும் மீண்ட கணத்தையும் குறித்து, ஊற்று நிற்கும் இடத்தை நுட்பமாக அளந்தனர். அவ்விடத்தே இருந்தது விண்மீன் போன்ற ஓர் ஒளிப்புள்ளி. கலிபோர்ணியாவிலே பலோமார் மலையிலுள்ள 200 அங்குலத் தொலைகாட்டியால் மார்ட்டன் சிமித் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். கோடுகள் தெரிந்தன. எந்த மூலகத்தின் கோடுகள் என்பது மட்டும் விளங்கவில்லை. 1963 இல் அப்புதிர் அவிழ்ந்தது. அவை எல்லோரும் அறிந்த ஐதரசனின் கோடுகளே, நூற்றுக்கு 15.8 வீதம் அலைநீளம் கூடி, சிவப்புப் பக்கம் தள்ளி நின்றன. 486.1 நனோமீற்றரில் நிற்கவேண்டிய கோடு ஏறத்தாழ 563 நனோமீற்றரில் நின்றது. இத்தள்ளுகையைச் செம்பெயர்ச்சி என்பர். விரியும் பிரபஞ்சத்தில் இவ்வளவு செம்பெயர்ச்சி உடைய பொருள் 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ளது. அவ்வளவு தூரத்திலிருந்து இவ்வளவு ஒளி வருவதாயின் அது விண்மீன் ஆகாது.

கலக்சி எனப்படும் விண்மீன் திரளின் நடுவே ஒரு பெரிய கருந்துளை. அதனைச் சுற்றி வட்டத் தட்டுப்போல் வாயு சுழன்று, சூடேறி, ஒளிவிட்டு உள்ளே வீழ்கின்றது. அதுவே குவாசர். விண்மீன் போன்ற வானொலி ஊற்று என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரைச் சுருக்கி 1964 இல் இப்பெயரை இட்டனர். பின்னர் கண்ட குவாசர்களிற் பெரும்பாலானவை வானொலியில் வலிமையற்றவை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

மிசன் பாடசாலையிலே எமக்குப் பௌதிகம் படிப்பித்த ஆசிரியர், வெயிலேறும் நேரத்தில் அரியம் ஒன்றை யன்னலோரம் வைத்து, எதிர்ச்சுவரில் ஏழு நிறத்தையும் விழுத்திக் காட்டுவார். பாடநூல்கள் அதனை நிறமாலை என்றும் திருசியம் என்றும் கூறும். குவாசரின் நிறமாலையும் இவ்வாறு பெறப்படுவதே. தட்டிலிருந்து வரும் ஒளி நிறமாலை முழுவதும் பரந்து கிடக்கும். அதன்மேல் ஐதரசன், காபன், மகனீசியம், ஒட்சிசன், இரும்பு முதலியவற்றின் காலல் கோடுகள் குன்றுகள்போல் எழுந்து நிற்கும். கருந்துளைக்கு அண்மையிலுள்ள வாயு விநாடிக்குப் பல்லாயிரம் கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதால், அங்கிருந்து வரும் கோடுகள் அகன்றிருக்கும். தூரத்தே மெல்ல அசையும் வாயுவின் கோடுகள் ஒடுங்கியிருக்கும். குன்றின் உயரம், அகலம், சாய்வு ஆகியவற்றைப் பார்த்தே, எவரும் போகமுடியாத இடத்து வாயு எப்படி நடமாடுகின்றது என்பதை அறிகின்றோம்.

சிமித் பார்த்தது ஒரு நிறமாலை. நியூ மெக்சிக்கோவிலே 2.5 மீற்றர்த் தொலைகாட்டி ஒன்றைக் கொண்டு 2000 ஆம் ஆண்டிற் சுலோன் வான அளவீடு தொடங்கியது. அதன் முதற் காலத்தில், அலுமினியத் தட்டொன்றில் விண்பொருள் நிற்கும் இடங்களுக்குச் சரியாக 640 துளைகள் இட்டு, ஒவ்வொரு துளையிலும் ஓர் ஒளியிழையைக் கையாற் செருகினர். இப்படிச் செருகிச் செருகியே நிறமாலைகள் குவிந்தன என்பதை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பே. 2020 இல் அவ்வளவீட்டார் வெளியிட்ட குவாசர்ப் பட்டியலில் 750,414 குவாசர்கள் உள்ளன. ஒன்றை ஒரு நிமிடம் பார்ப்பதாக வைத்து, நாளொன்றுக்கு எட்டு மணிநேரம், ஒருநாளும் ஓய்வின்றி ஒருவர் பார்த்தாலும் நான்கு ஆண்டுக்கு மேற் செல்லும். முடிவிற் பார்த்ததையும் தொடக்கத்திற் பார்த்ததையும் அவர் எப்படி ஒப்பிடுவார்? இங்கேதான் கணனி வருகின்றது.

கணனி செய்வதை விளங்கிக்கொள்ள, மாம்பழக் காலத்திலே யாழ்ப்பாணத்துச் சந்தைக்கு வந்த ஓர் அந்நியரை நினைத்துக்கொள்ளுங்கள். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, விலாட்டு என்னும் பெயர் ஒன்றையும் அவர் அறியார். பழங்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றினதும் நிறையையும் நீளத்தையும் சுற்றளவையும் அளந்து, ஒத்தவற்றை ஒத்தவற்றோடு சேர்த்துக் கடகங்களிற் போடுகின்றார். பெயர் தெரியாமலே இனம்பிரிக்கிறாரல்லவா? கூட்டம் பிரித்தல் என்னும் முறை இதுவே. பழவகைகளின் பெயரை முன்னமே சொல்லிக்கொடுத்து, புதுப்பழத்தைக் காட்டி இது எவ்வகை என்று கேட்பது வேறொரு முறை. அது பற்றி இன்று பேசவில்லை.

சுலோன் நிறமாலை ஒன்றில் ஏறத்தாழ 3,800 எண்கள் உண்டு. ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி என்பதே அவ்வெண். மாம்பழத்துக்கு மூன்று அளவு என்றால், இதற்கு 3,800 அளவு. கணனிக்கு இரண்டும் ஒன்றுதான். கே-சராசரி முறை என்னும் எளிய வழியை எடுத்துக்கொள்வோம். 1957 இல் பெல் ஆய்வுகூடத்தில் லொயிட் என்பார் எழுதிவைத்து, 1982 வரையில் அச்சேறாமற் கிடந்த முறை இது. இடையில் 1967 இல் மக்குவீன் என்பார் இதற்கு இப்பெயரை வைத்தார். முதலில் எத்தனை கூட்டம் வேண்டும் என்று நாம் சொல்லவேண்டும். அதுவே கே. அத்தனை நடுப்புள்ளிகளைக் கணனி தோன்றியபடி இடும். ஒவ்வொரு நிறமாலையையும் தனக்குக் கிட்டிய நடுப்புள்ளியோடு சேர்க்கும். பின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சராசரி கண்டு, நடுப்புள்ளியை அவ்விடத்துக்கு நகர்த்தும். நகர்ந்தபின் சிலது வேறொரு புள்ளிக்குக் கிட்டியதாகும், அவற்றை மாற்றும். மீண்டும் சராசரி, மீண்டும் நகர்த்தல். எதுவும் இடம் மாறாத நிலை வந்ததும் நிற்கும். தொடங்கிய புள்ளிகள் வேறானால் முடிவும் வேறாகக்கூடும். ஆதலின் பலமுறை ஓட்டி, நெருக்கமான கூட்டங்களைத் தந்த ஓட்டத்தைக் கொள்வர்.

எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது எங்கே பாதியாகின்றது என்பதை இனிப் பாருங்கள்.

நிறமாலைகளை வந்தபடியே கணனிக்குக் கொடுத்தால் அது எதைக் கொண்டு கூட்டம் பிரிக்கும்? தூரத்தைக் கொண்டு. ஒரே கோடு ஒரு குவாசரில் நீலப்பக்கமும், செம்பெயர்ச்சி மிகுந்த இன்னொன்றிற் செம்பக்கமும் நிற்பதால், குணம் ஒத்த இரண்டும் கணனிக்கு வெவ்வேறாகத் தோன்றும். ஆகவே செம்பெயர்ச்சியை நீக்கி, எல்லாவற்றையும் ஓரிடத்தில் நிற்பதாக்கிக் கொடுக்கவேண்டும். அதன்பின்னும் விட்டால், பிரகாசமானவை எல்லாம் ஒரு கூட்டம், மங்கியவை எல்லாம் இன்னொரு கூட்டம். செல்வரை ஒரு பந்தியிலும் வறியவரை மறு பந்தியிலும் இருத்தியதுபோலாகும். அவரவர் குணம் பற்றி ஒன்றும் தெரியவராது. ஆகவே பிரகாசத்தையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரவேண்டும். அளவுகோலிலும் சூழ்ச்சி உண்டு. மாம்பழத்தின் நிறையைக் கிராமிலும் நீளத்தை அடியிலும் எழுதினால், நிறையில் நூற்றுக்கணக்கில் வேறுபாடு இருக்க, நீளத்தின் வேறுபாடு ஒரு சொச்சமாகவே நிற்கும். கணனி நிறையை மட்டுமே பார்த்ததாகிவிடும். எவ்வளவு எதற்கு முக்கியம் என்பதை அது அறியாது. இவற்றையெல்லாம் செய்பவன் மனிதன்.

இவ்வளவும் செய்தபின் கிடைப்பது என்ன? 2016 இல் தமூர், கலகர் முதலியோர் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செம்பெயர்ச்சி 1.6 முதல் 2.1 வரையுள்ள சுலோன் குவாசர்களை அவர்கள் எடுத்தனர். அவ்வெல்லைக்குள் 154.9 நனோமீற்றர்க் காபன் கோடு, 190.9 நனோமீற்றர்க் காபன் கோடு, 280 நனோமீற்றர் மகனீசியக் கோடு மூன்றும் ஒருங்கே கண்ணுக்கு அகப்படும். கோட்டின் வலிமை, நீலப்பக்க அரை அகலம், செம்பக்க அரை அகலம் என்று கோட்டுக்கு மூன்று அளவு எடுத்துக் கே-சராசரி முறையால் கூட்டம் பிரித்தனர்.

190.9 நனோமீற்றர்க் கோட்டின் அளவுகளை மட்டும் கொண்டு பிரித்த கூட்டங்களை வைத்து மற்றக் கோடுகளைப் பார்த்தபோது, அவையும் கூட்டத்துக்குக் கூட்டம் ஒழுங்காக மாறியிருந்தன. பிரிக்கும்போது கணனிக்குக் காட்டாத குணங்கள் அவை. 154.9 நனோமீற்றர்க் கோடு வலிமை குன்றியிருக்கும் கூட்டத்தில், அக்கோடு நீலப்பக்கம் அதிகம் சாய்ந்து நின்றது. நீலப்பக்கச் சாய்வு என்றால் அவ்வாயு எம்மை நோக்கி வருகின்றது; தட்டிலிருந்து காற்றுப்போல் வீசி எறியப்படுகின்றது என்று கொள்வர். மகனீசியக் கோட்டைக் கொண்டு பிரித்தபோதோ இவ்வொழுங்கு அவ்வளவு தெளிவாக வரவில்லை.

எம் அந்நியர் நிறையையும் நீளத்தையும் பார்த்துக் கடகங்களில் இட்டார்; இனி ஒவ்வொரு கடகத்திலும் பழம் வெட்டித் தின்று பார்க்கவேண்டும். சுவை கடகத்துக்குக் கடகம் மாறினால் அவர் பிரித்ததற்குப் பொருள் உண்டு. எல்லாக் கடகத்திலும் ஒரே கலவைச் சுவை என்றால் அவர் பெரிய பழத்தையும் சிறிய பழத்தையும் பிரித்தார், அவ்வளவே. வானியலிலும் இப்படிச் சுவை பார்க்காத கூட்டம் பிரித்தலை யாம் நம்புவதில்லை. சுவை பார்க்கும் இவ்வேலையை அக்கணிப்பு முறை தானாகச் செய்வதுமில்லை.

இது வெறும் வகுப்புப் பெயர் பற்றிய வழக்கன்று. கருந்துளையின் திணிவை அறிய, கோட்டின் அகலத்திலிருந்து வாயுவின் வேகத்தையும், பிரகாசத்திலிருந்து வாயு இருக்கும் தூரத்தையும் கணித்து, இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவர். 154.9 நனோமீற்றர்க் கோட்டின் அகலத்தில் ஒரு பங்கு காற்றினால் வந்ததாயின், சுற்றிவரும் வேகம் என்று நாம் எழுதியது சுற்றிவரும் வேகமாகாது. காற்று மிகுந்த குவாசர்களுக்கு இவ்வழியாற் கிடைக்கும் திணிவு பல மடங்கு மிகையாகக்கூடும். இளம் பிரபஞ்சத்தில் இவ்வளவு பெரிய கருந்துளைகள் எப்படி இவ்வளவு விரைவில் வளர்ந்தன என்று உலகம் வியக்கின்றது. அவ்வியப்பிற்குக் காரணமான எண்களைச் சரிபார்க்க வேண்டுமாயின், எந்தக் குவாசர் எக்கூட்டத்தது என்பதை முதலில் அறியவேண்டும்.

இனி, எத்தனை கடகம் என்னும் வினா. மூன்று கடகம் கொண்டுபோனால் மூன்று கூட்டம் வரும்; ஏழு கொண்டுபோனால் ஏழு வரும். கே எவ்வளவு என்று கணனி கேட்குமேயன்றித் தானாகச் சொல்லாது. இத்தனை என்று மதிப்பிடச் சில கணக்குகள் உண்டு. அவையும் ஒன்றுக்கொன்று மாறுபடுவதைக் காணலாம். இவ்வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1992 இல் பொறோசன், கிறீன் என்னும் இருவர், அண்மையிலுள்ள 87 குவாசர்களை எடுத்து, எக்குணத்தோடு எக்குணம் சேர்ந்து மாறுகின்றது என்று ஆராய்ந்தனர். இரும்பின் ஒளி வலிதாக உள்ளவற்றில் ஒட்சிசனின் ஒடுங்கிய கோடு மெலிந்திருந்தது. ஒட்சிசன் வலிதாக உள்ளவற்றில் இரும்பு மெலிந்திருந்தது. அவர்கள் கண்டது கூட்டங்களை அல்ல, ஒரு வரிசையை. ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை குவாசர்கள் இடைவெளியின்றி நின்றன. 2000 ஆம் ஆண்டில் சுலெந்திக் முதலியோர், ஐதரசன் கோட்டின் அகலம் விநாடிக்கு 4,000 கிலோமீற்றருக்குக் குறைந்தவை ஒரு குடி, கூடியவை மற்றொரு குடி என்று இரண்டாகப் பிரித்தனர். இரு குடியும் பல குணங்களில் வேறுபடுவதைக் காட்டினர். 2014 இல் ஷென், ஹோ என்னும் இருவர் 20,000 இற்கு மேற்பட்ட குவாசர்களைக் கொண்டு வேறு விளக்கம் தந்தனர். வரிசைக்குக் காரணம், தன் திணிவுக்கு ஏற்ப ஒரு கருந்துளை எவ்வளவு வேகமாக வாயுவை விழுங்குகின்றது என்பது. கோட்டின் அகலம் பரந்து கிடப்பதற்குப் பெரிய காரணம், தட்டை நாம் எந்தச் சாய்விலிருந்து பார்க்கிறோம் என்பது. அப்படியாயின் ஒரே குவாசரை வேறொரு பக்கமிருந்து பார்ப்பவர் வேறு குடி என்று எழுதிவிடலாம்.

இரண்டு குடியா, ஒரு வரிசையா? எம் கருத்துக் கேட்டால் வரிசை என்போம். 4,000 என்னும் கோட்டின் இருபுறத்தும், 3,900 உடையதும் 4,100 உடையதும் அயல்வீட்டார்போலவே இருக்கின்றன. ஆயினும் குடி என்று பிரித்ததனால் ஆய்வாளர் பலர் எதைப் பார்க்கவேண்டும் என்பதை அறிந்தனர். நூறு பாகை வெப்பம் காய்ச்சல் என்று வைத்தியர் கொள்வதும் இப்படியான ஓர் எல்லையே. நோயாளிக்கு அது உதவுகின்றது. கே-சராசரி முறை எதையும் உருண்டையான கூட்டங்களாகவே வெட்டும் இயல்புடையது. நீண்ட வரிசையைக் கொடுத்தால் புட்டுக்குழலிலிருந்து வந்த புட்டைத் துண்டாக்குவதுபோல் வெட்டித் தரும். துண்டுகளைக் கண்டு, புட்டு முன்னமே துண்டாக இருந்தது என்று சாதிக்கலாகாது. 2016 ஆய்வாளரும் இயற்கையான எல்லைகளைக் காண இம்முறை உதவும் என்று சொன்னதோடு நில்லாமல், அதிலுள்ள எச்சரிக்கைகளையும் எழுதியே வைத்தனர். விவாதத்தில் அவ்வாய்வை எடுத்துக்காட்டுவோர் அந்தப் பக்கத்தையும் வாசித்தல் நன்று.

இன்னொரு குறையும் உண்டு. மாம்பழங்களுக்கிடையே ஓர் அன்னமுன்னாப்பழம் கிடந்தால், அதுவும் ஏதோ ஒரு மாம்பழக் கடகத்திலேதான் விழும். ஒன்றிலும் சேராது என்று சொல்ல இம்முறைக்கு வாய் இல்லை. வானியலிலோ அன்னமுன்னாவே அருமை. இதற்கு வேறொரு வழி பயன்பட்டது. பின்லாந்து நாட்டுக் கோகொனென் 1982 இல் வெளியிட்ட முறை, கூட்டங்களைத் தனித்தனியே குவியாமல், ஒத்தவை அயலில் அமையுமாறு எல்லாவற்றையும் ஒரு பாய்போல் விரித்து வைக்கும். ஜேர்மனியிலே மொய்சிங்கர் என்பாரும் கூட்டாளிகளும் சுலோன் அளவீட்டின் ஏறத்தாழ ஒரு இலட்சம் குவாசர் நிறமாலைகளைச் செம்பெயர்ச்சிப்படி பகுத்து இவ்வாறு விரித்தனர். பின் அப்படங்களைக் கண்ணாற் பார்த்து, வழக்கத்துக்கு மாறானவை ஏறத்தாழ ஆயிரத்தைப் பொறுக்கி 2012 இல் வெளியிட்டனர். இரும்பு அளவுக்கு மிஞ்சியவை, வழக்கத்திலும் சிவந்தவை, கோடு மெலிந்தவை, வாயுக்காற்று ஒளியை உறிஞ்சிப் பள்ளம் விழுத்தியவை எல்லாம் அங்கே உள. ஒரு இலட்சத்தில் எங்கே தேடுவது என்பதைக் கணனி காட்டியது. எது விந்தை, எது பழுதான நிறமாலை என்பதைக் கண் கண்டது.

இதனால் எமக்கு என்ன பயன் என்று கேட்கும் பெரியோர்க்கு ஒரு சொல். சுலோன் அளவீட்டு நிறமாலைகள் யாவரும் காசின்றி எடுத்துப் பார்க்கக்கூடியவை. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஒரு மாணவர் அவற்றில் ஆயிரத்தைப் பெற்று, சாதாரண மடிக்கணனி ஒன்றிற் சிறு நேரத்திற் கூட்டம் பிரிக்கலாம். பெரிய தொலைகாட்டி இல்லாத நாட்டில் இருப்பதனால் இவ்வேலைக்குத் தடையில்லை. அரிசோனாவில் ஒரே நேரத்தில் 5,000 ஒளியிழைகளை இயந்திரக் கையாற் பொருத்தும் டெசி என்னும் கருவி 2021 இல் தன் அளவீட்டைத் தொடங்கியது. 2025 இல் வெளியான அதன் முதல் தொகுதியில் ஏறத்தாழ 16 இலட்சம் குவாசர்கள் உள. அவற்றை எத்தனை கடகத்தில் இடுவது என்று இன்னும் ஒருவரும் முடித்துச் சொல்லவில்லை.

முதற் குவாசரைக் கண்ணாற் காண விரும்பும் இளைஞர்க்கு ஒரு குறிப்பு. 3சி 273 கன்னி இராசியில் உள்ளது. வைகாசி பிறக்கும் நாட்களில் இரவு ஒன்பது மணியளவில் ஏறத்தாழ எம் உச்சிக்கு அண்மையில் நிற்கும். எட்டு அங்குலத் தொலைகாட்டியும் இருண்ட வானமும் நல்ல வரைபடமும் இருந்தால், பக்கத்து விண்மீன்களினின்றும் எவ்வகையிலும் வேறுபடாத ஒரு மங்கற் புள்ளியாகத் தெரியும்.